பியூமா, பாப்கேட் தடத்துக்கு மோப்ப நாய்: குட்டியைத் தேர்வதிலிருந்து மரத்தடி வரை

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரிலும் அதற்குத் தெற்கே அரிசோனா, நியூ மெக்சிகோ பாறை நிலங்களிலும் பியூமா (மலைச்சிங்கம்), பாப்கேட் (குட்டை வால் கொண்ட சிறு காட்டுப்பூனை) போன்ற காட்டுப் பூனைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு நாய்தான் கண்ணும் காதும். பியூமா உலவும் மலையில் காலமெல்லாம் மாடு மேய்த்தவர்கள்கூட அதை நேரில் பார்த்திருக்கமாட்டார்கள். மறைந்து வாழ்வதே அதன் பிழைப்பு. அப்படிப்பட்ட விலங்கைக் காலடி வாடையை மட்டும் கொண்டு பின்தொடர்ந்து, மரத்திலோ பாறை விளிம்பிலோ ஏற்றி, ஆள் போய்ச் சேரும்வரை அங்கேயே நிறுத்திவைப்பது மோப்ப நாயின் வேலை. அந்த நாயை எப்படித் தேர்வது, எப்படி வளர்ப்பது, மரத்தடியில் என்ன செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூனை வாடையைக் கண்டு துள்ளும் குட்டிகள் ஏராளம். மான் வாடை மூக்கில் ஏறியபோதும் அதை உதறிவிட்டு வரும் நாய்தான் அரிது. பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி இந்த மறுப்பைக் கற்றுக்கொடுப்பதற்கே செலவாக வேண்டும். நாயின் சொந்தக்காரருக்கும் அதே பாடம் உண்டு: மரத்தில் பூனை நிற்கிறது என்பதற்காகச் சுட்டுத்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

இந்த முறையின் அடிப்படை

பூனை இனம் பதுங்கிப் பாயும் இனம். பியூமா சில நூறு மீட்டர்களுக்கு மின்னலாக ஓடும், நெடுந்தூரம் தாங்காது. நாய் அப்படியல்ல, மணிக்கணக்கில் சளைக்காமல் ஓடும். ஆகவே குரைத்துக்கொண்டு நாய்கள் நெருங்கினால், ஒற்றை நாயைக் கொல்லும் வலு இருந்தும் பியூமா பெரும்பாலும் மரமேறிவிடுகிறது.

வேட்டைக்காரர்கள் மட்டும் இதைப் பயன்படுத்தவில்லை. 1964-இல் இடாஹோவின் மலைக்காட்டில் உயிரியலாளர் மாரிஸ் ஹார்னாக்கர் பியூமா ஆய்வைத் தொடங்கியபோது, உள்ளூர் நாய்க்காரர் வில்பர் வைல்ஸின் நாய்கள் பனிக்காலந்தோறும் பியூமாக்களை மரமேற்றிக் கொடுத்தன. மயக்க ஊசி போட்டு, அடையாளமிட்டு, அவற்றை விடுவித்தார்கள். அந்த விலங்கு எல்லை வகுத்து வாழ்கிறது, தன் எண்ணிக்கையைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது என்பதை உலகம் அப்படித்தான் அறிந்தது. புளோரிடாவில் அழிவின் விளிம்பில் நின்ற பியூமாக்களைக் கண்டறிந்து ரேடியோ கழுத்துப்பட்டை பூட்ட டெக்சாஸ்காரரான ராய் மெக்பிரைடின் நாய்கள் உதவின. 1996 மார்ச்சில் அரிசோனா – நியூ மெக்சிகோ எல்லையில் உள்ள பெலன்சியோ மலைகளில் பியூமாவைத் தேடிப் போன வார்னர் கிளென், தன் நாய்கள் சுற்றி நின்று குரைப்பது ஒரு ஜாகுவாரை என்று கண்டார். துப்பாக்கியைத் தொடாமல் கேமராவை எடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பாபோகிவாரி மலைகளில் ஜாக் சைல்ட்ஸ் இன்னொரு ஜாகுவாரை அதேபோலப் படமெடுத்துவிட்டு, நாய்களைக் கட்டி அழைத்துக்கொண்டு போனார். அந்நாட்டில் ஜாகுவார் இன்னும் உலவுகிறது என்பதற்கு இந்தப் படங்கள் மறுக்க முடியாத சான்றாயின. மறு ஆண்டே அங்கே அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. நல்ல மோப்ப நாய் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த இருவரின் நாய்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

முதல் படி: சட்டத்தைப் படியுங்கள்

குட்டி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. கலிபோர்னியாவில் 1990-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பு பியூமா வேட்டையைத் தடை செய்தது. ஓரிகனில் 1994-இலும் வாஷிங்டன் மாநிலத்தில் 1996-இலும் நடந்த வாக்கெடுப்புகள் பியூமாவை நாய் வைத்து வேட்டையாடுவதை நிறுத்தின. கொலராடோவில் 2024-இல் இதே போன்ற தடை வாக்கெடுப்பில் தோற்றது. அங்கே கொல்லக்கூடிய எண்ணிக்கைக்குப் பகுதிவாரியாக ஒதுக்கீடு உண்டு, அது நிரம்பியதும் அந்தப் பகுதி வேட்டைக்கு மூடப்படும். உரிமம் வாங்கும் முன் பியூமா பற்றிய பாடத்தைப் படித்துத் தேர்வும் எழுத வேண்டும். எத்தனை நாய்களை அவிழ்க்கலாம், மின் அதிர்வுப் பட்டை பூட்டலாமா, நாய் தனியார் நிலத்துக்குள் போனால் என்ன செய்வது என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் அந்தந்தப் பருவத்தின் கையேட்டையே நம்ப வேண்டும்.

மான்டானா போன்ற இடங்களில் 'துரத்தல் மட்டும்' என்ற வகை அனுமதி இருக்கிறது. நாயை விட்டுப் பூனையை மரமேற்றலாம்; கொல்லக் கூடாது. இளம் நாயைப் பழக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. என்னைக் கேட்டால், முதல் இரண்டு பருவங்களுக்கு இந்த அனுமதியைத் தவிர வேறெதுவும் வாங்க வேண்டாம் என்பேன்.

இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே விரட்டுவதும் துரத்துவதும் அடங்கும். காட்டுப்பூனையின் பின்னே நாயை ஏவுவதே குற்றம். கொன்றால்தான் குற்றம் என்பதில்லை. சிறுத்தையிடம் இந்த உத்தி நாய்க்கும் ஆபத்து, ஏனெனில் நாய் அதற்கு இரை. தவிர, சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாய்கள் கண்ணால் கண்டு துரத்துபவை. பழைய வாடையை மூக்கால் அவிழ்த்துக்கொண்டு போகும் இனம் வேறு. மோப்ப நாய்ப் பயிற்சியில் உண்மையான ஆர்வம் இருந்தால், புலித்தோல், சிறுத்தைத்தோல் கடத்தலைப் பிடிக்க 2008 முதல் காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் ட்ராஃபிக் அமைப்பின் துணையோடு வனத்துறைகள் பழக்கிவரும் நாய்களைப் பற்றித் தேடிப் படியுங்கள். கீழே சொல்லும் மூக்குப் பயிற்சியின் பல கூறுகள் அங்கும் பொருந்தும்.

இரண்டாம் படி: எந்தப் பூனை, எந்த நிலம்

பியூமாவுக்குப் பழகிய நாய் பாப்கேட்டிடம் திணறுவது வழக்கம். வளர்ந்த ஆண் பியூமா 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். கனத்த காலடி, நிறைய வாடை, ஓரளவு நேரான போக்கு. பாப்கேட் பெரும்பாலும் 6 முதல் 14 கிலோதான். அது விட்டுச்செல்லும் வாடையும் அதற்கேற்பக் குறைவு. விழுந்த மரத்தின் மேல் நடக்கும், பாறைக்குப் பாறை தாவும், வந்த வழியே திரும்பிப் போய்ப் பக்கவாட்டில் குதிக்கும், அடர்புதருக்குள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். மரமேறவும் அவசரப்படாது. பாப்கேட் நாய்க்கு வேகம் வேண்டும், தடம் அறுந்த இடத்தில் ஒரே புள்ளியில் நின்று புலம்பாமல் முன்னே பாய்ந்து மறுபடி பிடிக்கும் புத்தியும் வேண்டும். பியூமா நாய்க்கு வேகத்தைவிடப் பொறுமையும் நுண்ணிய மூக்கும் முக்கியம்.

நிலமும் பாதி முடிவைச் செய்துவிடும். இடாஹோ, மான்டானா போன்ற பனி நிலத்தில் தடத்தை மனிதக் கண்ணே பார்த்துவிடும். எந்த விலங்கு, எந்தத் திசை, எவ்வளவு பழையது என்று முடிவு செய்த பிறகே நாயை அவிழ்க்கலாம். அரிசோனாவின் வறண்ட பாறையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே முந்தைய இரவின் மெல்லிய வாடையை நாயேதான் கண்டுபிடிக்க வேண்டும். வறண்ட நிலத்தில் தேறிய நாய் பனியில் தடுமாறாது. பனியில் மட்டும் பழகிய நாயை வறண்ட நிலத்துக்குக் கொண்டுபோனால் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: நாயைத் தேர்வது

இனத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ட்ரீயிங் வாக்கர் வேகமானது, சூடான தடத்தில் துடிப்பானது, மரத்தடியில் அசையாது நிற்பது. இன்று மேற்கில் அதிகம் காணப்படுவது அதுவே. புளூடிக், பிளாக் அண்ட் டான் இரண்டும் நிதானமானவை, பழைய வாடையில் வல்லவை. ரெட்போன் சுறுசுறுப்பானது. பிளாட் நாய் ஜெர்மனியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வட கரோலினாவுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயரைத் தாங்கியது. கரடி, காட்டுப்பன்றி முன் அஞ்சாது. அந்த அஞ்சாமை பூனையிடம் சில நேரம் நாய்க்கே எமனாகிறது. பாப்கேட்டுக்கு மட்டும் போகிறவர்கள் நரி துரத்தும் நாய்களின் இரத்தம் கலந்தவற்றை விரும்புகிறார்கள். இவை பொதுவான போக்குகள் மட்டுமே. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, இரண்டு இனங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

பார்க்க வேண்டியது பெற்றோரை. தாயும் தந்தையும் பூனைத் தடத்தில் வேலை செய்கின்றனவா? நீங்கள் போக நினைக்கும் அதே மாதிரி நிலத்தில் செய்கின்றனவா? விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அவரோடு ஒரு நாள் மலைக்குப் போக அனுமதி கேளுங்கள். கண்காட்சிப் பரிசுகளும் நீளமான வம்சாவளித் தாளும் மலையேறாது. தாய் மான் துரத்தும் வழக்கம் உள்ளதா என்று தயங்காமல் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

உடலைப் பொறுத்தவரை 20 முதல் 30 கிலோவுக்குள் வளரக்கூடிய, இறுக்கமான விரல்களும் தடித்த உள்ளங்காலும் கொண்ட நாய் நல்லது. பரந்து விரிந்த பாதம் பாறையில் சீக்கிரம் கிழிந்துவிடும். மிகப் பெரிய நாய் செங்குத்துச் சரிவில் சோர்ந்துபோகும். குட்டியிடம் துணிச்சலைவிட ஆர்வத்தைத் தேடுங்கள்: புதிய இடத்தில் விட்டால் மூக்கைத் தரையில் வைத்து அலைகிறதா, ஏதாவது சத்தம் கேட்டு மிரண்டாலும் சில நொடிகளில் மீண்டு வருகிறதா, ஆளைத் திரும்பிப் பார்க்கிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். ஆளைப் பொருட்படுத்தாத குட்டி வளர்ந்த பிறகும் பொருட்படுத்தாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் உறுதியான ஆலோசனை, குட்டிக்கு முன் ஒரு வயதான, தேர்ந்த நாயை வாங்குங்கள் என்பதே. வேகம் குறைந்திருக்கலாம், பல் தேய்ந்திருக்கலாம், பரவாயில்லை. மான் தடத்தைக் கடந்து போகும்போது தலையைக்கூடத் திருப்பாத கிழட்டு நாய் உங்களுக்கும் குட்டிக்கும் ஒருசேர ஆசிரியர். இரண்டு குட்டிகளை ஒன்றாக வாங்கிப் பழக்குவதோ ஒன்றின் கெட்ட பழக்கத்தை மற்றதற்கு ஏற்றுவதில்தான் முடியும்.

நான்காம் படி: முதல் ஆறு மாதங்கள்

இந்தக் காலத்தில் வேட்டை என்ற பேச்சே வேண்டாம். பெயர் சொன்னால் வர வேண்டும். வாரில் இழுக்காமல் நடக்க வேண்டும். கட்டிப்போட்டால் கத்தாமல் படுக்க வேண்டும். டிரக்கின் நாய்ப்பெட்டிக்குள் சொன்னதும் ஏறி, இறக்கும்வரை அமைதியாக இருக்க வேண்டும். ஓடையைத் தாண்டப் பழக வேண்டும். கால்நடையும் கோழியும் வீட்டுப்பூனையும் துரத்தப்படாதவை என்பதைக் குட்டியாக இருக்கும்போதே நிலைநாட்ட வேண்டும். ஒரு கன்றைத் துரத்திய நாய் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலும் உங்களுக்குக் கதவடைத்துவிடும். ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையைப் போலவே எடையுள்ள வெறும் பட்டையை இப்போதே மாட்டிவிடுங்கள். துப்பாக்கி ஓசையைத் தொலைவிலிருந்து தொடங்கி, உணவு வேளையோடு சேர்த்து, மெல்ல நெருக்குங்கள்.

திரும்ப அழைக்கும் கட்டளைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கொம்பு ஊதுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள், பட்டையின் ஒலியைப் பயன்படுத்துகிறார்கள். எதுவானாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்த நாயை ஒருபோதும் தண்டிக்காதீர்கள். எவ்வளவு தாமதமாக வந்திருந்தாலும் சரி.

ஐந்தாம் படி: வாடையும் முதல் தடமும்

நான்கைந்து மாதத்தில், சட்டப்படி கிடைத்த பூனைத்தோல் துண்டைக் கயிற்றில் கட்டிப் புல்வெளியில் இழுத்துச் சென்று ஒரு மரக்கிளையில் தொங்கவிடலாம். குட்டி தடத்தைப் பின்தொடர்ந்து வந்து, மேலே பார்த்துக் குரைத்தால் பாராட்டி முடித்துவிடுங்கள். இந்த விளையாட்டைச் சில தடவைக்கு மேல் நீட்டக் கூடாது. தோலின் பழைய வாடையோடு நம் கை வாடையும் கலந்திருக்கும். குட்டி புத்திசாலியாக இருந்தால் பூனையை விட்டுவிட்டு நம் காலடியையே பின்தொடரக் கற்றுக்கொள்ளும். கூண்டில் அடைத்த பூனையை வைத்துக் குட்டியை உசுப்பேற்றுவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். அது பூனைக்குக் கொடுமை. நாய்க்கும் தடத்தை அவிழ்க்கும் அறிவை அது துளியும் தருவதில்லை.

எட்டு, பத்து மாதம் ஆனதும் உண்மைத் தடம். புதுப்பனி பெய்து நின்ற மறுநாள் விடியல் இதற்கு ஏற்றது. தடத்தை நீங்களே பாருங்கள். பூனையின் உள்ளங்கால் மெத்தையில் பின்விளிம்பு மூன்று மடிப்பாகவும் முன்விளிம்பு இரண்டு மேடாகவும் இருக்கும். நகம் பெரும்பாலும் பதியாது. விரல்களில் ஒன்று சற்று முன்தள்ளி நிற்கும். நாய், கயோட்டி (ஓநாயைப் போன்ற, அதைவிடச் சிறிய விலங்கு) தடங்களில் நகம் பதியும், அமைப்பு இருபுறமும் ஒரே சீராக இருக்கும். பாப்கேட் தடம் ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. அகலம், பியூமாவுடையது 7 செ.மீ.க்கு மேல். ஒரு தடத்தோடு சிறு தடங்கள் சேர்ந்து போனால் அது தாயும் குட்டிகளும். அங்கே நாயை அவிழ்க்காதீர்கள். நாய்களைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.

திசையை உறுதி செய்தபின் கிழட்டு நாயை முதலில் விடுங்கள். அது குரல் கொடுத்து நகர்ந்தபின் குட்டியை விடுங்கள். முதல் சில ஓட்டங்களில் குட்டி பின்னால் ஓடுவதோடு சரி. அது எதையும் செய்யவில்லை என்று தோன்றும். விட்டுவிடுங்கள். மரத்தடியில் கிழட்டு நாயின் பக்கத்தில் நின்று அது முதன்முதலாக மேலே பார்த்துக் குரைக்கும்போது உள்ளுக்குள் ஏதோ திறந்துகொள்கிறது. அதன் பிறகு அவ்வப்போது அதைத் தனியாக எளிய தடங்களில் விட வேண்டும். எப்போதும் கூட்டத்தோடு ஓடிய நாய், பக்கத்து நாயின் குரலை நம்பியே வாழும். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். மூன்று வயதான பிறகு நாய்க்குத் தனித்து எதுவும் தெரியவில்லையே என்று வருந்துகிறவர்களும் அவர்களே.

ஆறாம் படி: மானை மறக்க வைப்பது

மியூல் மான், எல்க் என்னும் பெரிய மான், முயல், கயோட்டி, முள்ளம்பன்றி: மலையில் பூனையைவிட இவற்றின் வாடை நூறு மடங்கு அதிகம். மானுக்குப் பின்னால் ஓடும் நாய், பனியில் களைத்த மானைக் கொன்றே விடக்கூடும். பல மாநிலங்களில் மானைத் துரத்தும் நாயைச் சுட அதிகாரிகளுக்குச் சட்டமே இடம் தருகிறது. அந்த நாயின் சொந்தக்காரரும் தண்டிக்கப்படலாம். ஆகவே இந்தப் படியில் அவசரம் கூடாது.

முதலில் வாரில் கட்டியபடி மான் நிறைந்த இடங்களில் நடத்துங்கள். வாடையில் மூக்கு நிலைத்தால் ஒரு சொல், ஒரு சிறு இழுப்பு. மூக்கை எடுத்துவிட்டால் பாராட்டு. அந்தச் சொல் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். வாரில் இது தேறிய பிறகே நீண்ட கயிறு, பிறகு அவிழ்ப்பு. கிழட்டு நாயின் அலட்சியம் இங்கேதான் பெரும் உதவி. குட்டி தலையை உயர்த்தி ஆவலோடு பார்க்கும், கிழவன் கவனிக்காமல் நடந்துபோவான், குட்டியும் பின்தொடரும்.

மின் அதிர்வுப் பட்டை அனுமதிக்கப்பட்ட இடத்தில் அது பயன்படும் கருவிதான். அதிர்வின் பொருள் என்னவென்று முதலில் வீட்டிலேயே, அழைத்தால் வருதல் போன்ற தெரிந்த கட்டளையோடு, நாய் சற்றே காதை அசைக்கும் மிகக் குறைந்த அளவில் கற்பிக்க வேண்டும். மலையில் ஒரே விதி: மான் என்று நூறு சதவீதம் தெரிந்தால் மட்டும் பொத்தான். மானைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது பனியில் நாயின் தடம் மானின் குளம்புத்தடத்தின் மேலேயே போவதைப் பார்த்திருக்க வேண்டும். திரையில் நாய் வேகமாக நகர்கிறது என்பது ஆதாரமல்ல. பூனைத் தடத்தில் உண்மையாக உழைத்துக்கொண்டிருந்த நாயை ஒரே ஒருமுறை தவறாகத் தண்டித்தால், பூனை வாடையே வலி என்று அது முடிவுகட்டிவிடும். அந்த முடிவை மாற்ற ஒரு பருவம் முழுவதும் போதாமல் போகலாம். கோபத்தில் பொத்தானை அழுத்துகிறவர் நாய் வளர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

முள்ளம்பன்றிக்குத் தனி எச்சரிக்கை. சில நாய்கள் முகமெல்லாம் முள் ஏறிய பிறகும் மறுபடி போகும். வளைந்த மூக்கு இடுக்கியைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். முறிந்த முள் உள்ளே நகரும் என்பதால் கண், வாய்க்குள் ஏறியவற்றைக் கால்நடை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

ஏழாம் படி: காற்றையும் குரலையும் படிப்பது

இரவில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும்; வெயில் ஏறியதும் மேல்நோக்கி எழும். வாடையும் அதோடு நகரும். விடியலில் தடத்துக்குச் சற்றுக் கீழே தலையை வைத்து ஓடும் நாய் தவறு செய்யவில்லை. வாடை இறங்கியிருக்கும் இடத்தில் ஓடுகிறது. ஈரமும் அசையாத காற்றும் வாடையைப் பிடித்து வைக்கும். வறண்ட காற்றும் உச்சி வெயிலும் அதைக் கொன்றுவிடும். தெற்குச் சரிவில் காலை பத்து மணிக்கு மறைந்த தடம் வடக்குச் சரிவின் நிழலில் மீண்டும் கிடைக்கும். நாய் திகைத்து நிற்கும்போது உடனே கூப்பிடாமல், நிழலான பக்கத்துக்கு அதை அழைத்துச் சென்று வட்டமாகத் தேடவிடுங்கள்.

தடத்தைத் தலைகீழாக ஓடும் நாய்களும் உண்டு. பூனை வந்த திசைக்கே போகும். ஓடஓட வாடை பழசாகிக்கொண்டே போனால் நல்ல நாய் தானே உணர்ந்து திரும்பும். இளம் நாய்க்கு நீங்கள்தான் ஒரு காலடியைக் கண்டுபிடித்துத் திசை காட்ட வேண்டும்.

குரலுக்குக் காது பழக வேண்டும். தடத்தில் நீட்டி முழக்கும் குரல், பூனை கிளம்பியதும் விரைவாகி உயரும். மரத்தடியில் துண்டுதுண்டாக, இடைவிடாமல், ஒரே இடத்திலிருந்து வரும். வாடையே இல்லாத இடத்திலும் குரைக்கும் நாய் மற்ற நாய்களையும் ஏமாற்றும். அத்தகைய நாயை வைத்துக்கொள்ளாதீர்கள். ஜிபிஎஸ் கருவி நாய் எங்கே இருக்கிறது என்று சொல்லும், மரத்தடியில் நிற்கிறது என்றுகூடச் சொல்லும். ஆனால் அது என்ன நினைக்கிறது என்பதைக் குரல்தான் சொல்லும்.

எண்ணிக்கை இரண்டிலிருந்து நான்கு போதும். நிறைய நாய்கள் சேர்ந்தால் தரையில் பூனையைச் சூழ்ந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். நாயும் பூனையும் கிழிபடுவது அப்போதுதான்.

எட்டாம் படி: மரத்தடி

போய்ச் சேர்ந்ததும் முதலில் நாய்களைக் கட்டுங்கள், மரத்திலிருந்து தள்ளி. பிறகு நிதானமாகத் தொலைநோக்கியை எடுங்கள். இந்த முறையின் ஒரே பெரும் நியாயம், பார்ப்பதற்கு நேரம் கிடைக்கிறது என்பது. அந்த நேரத்தைப் பயன்படுத்தாதவருக்கு அந்த நியாயமும் இல்லை.

ஆண் பியூமாவுக்கு ஆசனவாய்க்குக் கீழே சுமார் 10 முதல் 12 செ.மீ. தள்ளிக் கரிய மயிர்ப்புள்ளி ஒன்று தெரியும். பெண்ணுக்கு அது இல்லை. முன்னங்காலின் உட்புறத்தில் கருங்கோடுகள் தெரிந்தால் இன்னும் இளமை. பெண் என்றால் மடிக்காம்புகளைப் பாருங்கள். குட்டிகள் ஓராண்டுக்கும் மேலாகத் தாயை நம்பியிருக்கும். தாய் வேட்டைக்குப் போகும்போது அவற்றை எங்கோ விட்டுவிட்டுத்தான் போகும். தனியாக மரத்தில் நிற்கும் பெண் பியூமா தாயில்லை என்று உறுதிசெய்ய வழியே இல்லை. அதனால் பெண் என்று தெரிந்தால் படமெடுத்துக்கொண்டு திரும்புவதே முறை என்பேன், சட்டம் அனுமதித்தாலும்.

நாய்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் இங்கே உண்டு. நிற்கும் நாயை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொடுத்து, பெயர் சொல்லிப் பாராட்டி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாரில் அழைத்துக்கொண்டு அகலுங்கள். கொன்றால்தான் நாய்க்கு ஊக்கம் வரும் என்று சொல்வார்கள். ஆய்வுப் பணியில் பூனைகளைக் காயமின்றி விடுவிக்கும் நாய்கள் ஆண்டுக்கணக்கில் உற்சாகம் குன்றாமல் வேலை செய்வது அதற்குப் பதில். நாய்க்குப் பரிசு நம் மகிழ்ச்சிதான். மரத்தைவிட்டு நல்ல தொலைவு வந்த பிறகும் நாயை அவிழ்க்காதீர்கள். அதே பூனையை அன்றே மறுபடி துரத்துவது அதற்குப் பெருஞ்சுமை. நாய்களிடமிருந்து தப்பியோடும் சில நிமிடங்கள், வழக்கமான வேட்டை அலைச்சலைவிடப் பல மடங்கு ஆற்றலைத் தின்கின்றன என்பது கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைகளில் பட்டை பூட்டிய பியூமாக்களிடம் அளந்து அறியப்பட்டது. நடுங்கும் குளிரிலும் இரை அரிதான மாதத்திலும் அந்தச் செலவு சிறியதல்ல.

ஒன்பதாம் படி: நாயின் உடல்

பருவத்துக்கு ஆறு வாரம் முன்பே சரளைப் பாதையில் ஓடவிட்டு உள்ளங்காலைக் கெட்டிப்படுத்த வேண்டும். பருவத்தில் கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவு தேவை. ஓட்டத்துக்குச் சற்று முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். ஆழ்ந்த மார்புக்கூடு கொண்ட நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கும். முந்தைய மாலை முழு உணவு, விடியலில் தண்ணீர், ஓடி முடித்து மூச்சு அடங்கியபின் மறுபடி உணவு என்பது பாதுகாப்பான ஒழுங்கு.

இடாஹோ, மான்டானா, விஸ்கான்சின் காடுகளில் ஓநாய்கள் மோப்ப நாய்களைக் கொல்கின்றன. நாயின் குரலே அவற்றை அழைக்கும். விஸ்கான்சின் இயற்கைவளத் துறை அப்படி நடந்த பகுதிகளை வரைபடமாகவே வெளியிடுகிறது. ஓநாயின் புதுத்தடம் கண்டால் அந்தப் பள்ளத்தாக்கை விட்டுவிடுங்கள்.

மேற்கு அமெரிக்காவில் பியூமா, பாப்கேட் இரண்டிடமும் பிளேக் கிருமி காணப்படுகிறது. 2007-இல் கிராண்ட் கேன்யனில் இறந்து கிடந்த பியூமாவை அறுத்துச் சோதித்த உயிரியலாளர் ஒருவர் அந்த நோயால் இறந்தார். பூனையின் உடலைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். நாய்களுக்குத் தெள்ளுப்பூச்சித் தடுப்பு மருந்தைத் தவறவிடாதீர்கள்.

வீடு திரும்பியதும் உங்கள் பூட்ஸைக் கழற்றும் முன் ஒவ்வொரு நாயையும் விளக்கின் கீழ் நிறுத்திப் பாருங்கள். விரலிடுக்குகளில் பனிக்கட்டியும் முள்ளும், காதோரத்தில் கிழிசல், மார்பில் துளைக்காயம். பூனையின் நகம் குத்திய துளை மேலே சிறியதாகத் தெரிந்து உள்ளே சீழ் வைக்கும். தையல் போட்டு மூடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உள்ளங்கால் கிழிந்த நாய்க்கு அது ஆறும்வரை ஓய்வு, மறுநாள் எவ்வளவு அருமையான புதுப்பனி பெய்திருந்தாலும்.